பரிசலுக்குத் தோல் கட்டுகிறவர்கள்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் எழும்பி நிற்கிற பாறைச் சுவர்களைப் பார்ப்பார்கள். செல்பேசியில் படம் எடுப்பார்கள். தங்கள் கால் எதன்மேல் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த முறை போனால் குனிந்து பாருங்கள். மூங்கில் பிளாச்சுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். பிளாச்சுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கறுப்பாக ஒரு பரப்பு தெரியும். அதில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் அந்தப் பக்கம் காவிரி ஓடுவது விரலுக்குத் தெரியும்.

அந்தக் கறுப்பு உறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதை எப்படிக் கட்டுகிறார்கள், எப்படிக் காப்பாற்றுகிறார்கள், அதற்கு நாம் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

பரிசல் என்றதும் மூங்கில்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். மூங்கில் பரிசலுக்கு உருவம் தருகிறது, பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் தண்ணீரைத் தடுப்பது மூங்கில் அல்ல. பின்னிய கூடையைத் தண்ணீரில் போட்டால் அது கூடையாகத்தான் இருக்கும். வெளியே கட்டுகிற உறைதான் அதைப் படகாக்குகிறது. ஏழு, எட்டு அடி அகலமுள்ள அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களின் உயிர், சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பரப்பை நம்பியிருக்கிறது.

கடலே இல்லாத மாவட்டம் தருமபுரி. தருமபுரி நகரத்திலிருந்து பென்னாகரம் வழியாகப் போனால் ஏறக்குறைய 46 கிலோமீட்டரில் ஒகேனக்கல். அங்கேயும் பக்கத்தில் ஊட்டமலையிலும் பரிசல் ஓட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். இது சுற்றுலாத் தொழில் மட்டுமல்ல. ஆற்றோடு கீழே போனால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு வந்துவிடும். அங்கே இந்தக் கரையில் நாகமரை, அந்தக் கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. இந்தக் கரையில் ஒட்டனூர், அந்தக் கரையில் கோட்டையூர். இந்தத் துறைகளில் ஆட்களோடு இருசக்கர வண்டியையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மீன்பிடிக்கிறவர்களுக்கும் பரிசல்தான் கைக்கருவி.

உறை போட்ட வட்டப் படகு உலகத்திலேயே மிகப் பழைய படகு வகைகளில் ஒன்று. கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் பாபிலோனில் இப்படிப்பட்ட படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மரச்சட்டத்தின்மேல் தோல் போர்த்திய வட்டப் படகுகள். ஆற்றோட்டத்தில் சரக்கோடு பாபிலோனுக்கு வருவார்கள். சரக்கை விற்றபின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிடுவார்கள். தோலை மட்டும் கழற்றி, படகிலேயே கொண்டுவந்த கழுதையின் முதுகில் ஏற்றித் தரைவழியாக ஊர் திரும்புவார்கள். எதிர்நீரில் படகை ஏற்ற முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டத்தை விட்டுவிட்டுப் போனவர்கள் தோலை விடவில்லை. படகில் எது விலை உயர்ந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்கக் கூடை போன்ற வட்டப் படகுகள் இருந்ததை எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்புப் பின்னல், வெளியே தோல். பதினைந்து, இருபது பேர் ஏறலாம், குதிரையும் மாடும்கூடக் கடக்கலாம் என்கிறார். ஐந்நூறு ஆண்டுகளில் பின்னல் முறை பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது உறைதான்.

காவிரியிலும் முன்பு எருமைத் தோல்தான். தோல் நன்றாக வளைந்து கொடுக்கும், பாறையில் உரசினாலும் சட்டென்று கிழியாது. ஆனால் பராமரிப்பில் பெரிய தொல்லை. ஈரத்திலேயே விட்டால் அழுகும், ஒரேயடியாக வெயிலில் போட்டால் விறைத்துச் சுருங்கும். ஓட்டி முடித்ததும் கரையேற்றிக் கவிழ்த்துப் பக்குவமாக உலர்த்தியாக வேண்டும். பிறகு பிளாஸ்டிக் வந்தது. உரச்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் தாரும் சேர்ந்து எருமைத் தோலின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், அழுகாது. பராமரிப்பு மட்டும் தேவையில்லாமல் போகவில்லை, அதன் முறை மாறிவிட்டது.

கட்டும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். பின்னி முடித்த கூட்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள். முதல் வேலை, பிளாச்சுகளின் முனைகளைத் தடவிப் பார்ப்பது. துருத்திக்கொண்டு நிற்கிற ஒரு சிம்பு போதும், உள்ளே இருந்தே உறையைக் குத்திவிடும். ஆற்றுப் பாறை வெளியே இருந்து கிழிப்பது ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். உள்ளே இருந்து குத்துவது நடு ஆற்றில்தான் தெரியும். அதனால் கத்தியால் சீவி, கையால் தடவி, மறுபடியும் சீவி, அந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறார்கள்.

அதன்பிறகு தாளையோ, பிரித்துத் தைத்த சாக்கையோ மேலே விரிக்கிறார்கள். விரிப்பது தட்டையான துணி, போர்த்த வேண்டியது கிண்ணம் போன்ற வளைவு. தட்டையான ஒன்றை வளைவின்மேல் போர்த்தினால் எங்கேயாவது மடிப்பு விழுந்தே தீரும். மடிப்பைத் தவிர்க்க முடியாது, அது எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும். அடிப்பாகத்தின் நடுவிலிருந்து தொடங்கி நாலு பக்கமும் இழுத்துக்கொண்டே போனால், அடிப்பாகம் விறைப்பாக நிற்கும். மிச்சத் துணி மேல் விளிம்புக்குப் பக்கத்தில், சேலைக் கொசுவம் போல, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். அங்கே மடிப்பு இருந்தால் பாதகமில்லை, தண்ணீர் அந்த உயரத்துக்கு வராது. அடியில் மடிப்பு இருந்தால் பாறை முதலில் அதைத்தான் தேய்க்கும், கிழிவதும் அங்கேதான்.

விளிம்பில் உறையை உள்பக்கம் மடக்கி, கோணி ஊசியால் நைலான் கயிறு கோத்துத் தைக்கிறார்கள். தையல் எல்லாம் மேலே, தண்ணீருக்கு எட்டாத இடத்தில். அப்புறம் தார். டின்னில் காய்ச்சிய தாரைக் குச்சியில் சுற்றிய துணியால் அள்ளிப் பூசுகிறார்கள். நெசவின் கண்களை அடைக்கும்படி, ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலியாமல், சீராகப் பூச வேண்டும். இந்த வேலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. சிலர் ஒரு அடுக்கோடு நிறுத்துவார்கள். சிலர் தார்மேல் இன்னொரு தாள் போர்த்தி மறுபடியும் தார் பூசுவார்கள்.

தாரின் சூடு பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உறைகள் கெடுவது இங்கேதான். சாலைக்குப் போடுகிற தாரை நன்றாக இளக்கினால் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பாலித்தீன் சாக்கு 130 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கும். பாலிப்ரொப்பிலீன் சாக்கு 160 டிகிரி வரை தாங்கும். கொதிக்கக் கொதிக்கத் தாரை ஊற்றினால் சாக்கின் இழை உள்ளே சுருங்கிப் பலம் இழந்துவிடும். மேலே கறுப்பாகப் பளபளப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இறக்கி வைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு, இழுத்தால் இழுபடுகிற பதத்தில் பூச வேண்டும். அனுபவப்பட்டவர்கள் குச்சியிலிருந்து தார் வடிகிற வேகத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் தார் பொங்கித் தெறிக்கும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. உடம்பில் தார் பட்டுவிட்டால் பிய்த்து எடுக்கப் பார்க்காமல், குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றியபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. ஊரில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள் சும்மா கிடைக்கின்றன. பெரிதாக, மழமழப்பாக, தண்ணீர் ஒட்டாமல் இருப்பதால் இதைப் போர்த்தினால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி, அதாவது வினைல் வகைப் பிளாஸ்டிக். அது மிருதுவாக இருப்பதற்கு எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். தாரோடு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பொருள் மெல்ல மெல்லத் தாருக்குள் போய்விடும். தார் கொழகொழத்துப் போகும், பேனர் விறைத்து வெடிக்கும். கட்டடக் கூரை வேலை செய்கிறவர்களும் பிவிசியையும் தாரையும் ஒன்றோடொன்று தொடவிடுவதில்லை. கூரையில் வெடித்தால் ஒழுகும், அவ்வளவுதான். பரிசலில் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வினைல் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளில் உல்லாசப் படகுகளுக்கு வினைல் படலம் ஒட்டுகிற தொழில் பெரிதாக நடக்கிறது. பேருந்துகளில் விளம்பரம் ஒட்டுகிறார்களே, அந்த வகைதான். பெயிண்டைக் காப்பதற்காகவும் அழகுக்காகவும் ஒட்டுகிறார்கள், பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே மட்டும். பரப்பை எண்ணெய்ப் பசையில்லாமல் துடைப்பார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துக்கொண்டே வந்து காற்றை வெளியேற்றுவார்கள். வளைவான இடத்தில் சூடு காட்டி இழுப்பார்கள். ஓரங்களைக் கூர் மூலையாக விடாமல் உருட்டி வெட்டுவார்கள், கூர் மூலைதான் முதலில் பிரியும் என்பதால். இதில் எந்த விதியும் ஊட்டமலைக்காரருக்குப் புதிதல்ல. சுத்தமான பரப்பு, நடுவிலிருந்து இழுப்பு, அளவான சூடு, ஓரத்தில் கவனம் ஆகியவை எல்லாம் அவர் கையிலேயே இருக்கின்றன. அங்கே அந்த வேலைக்குப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. இங்கே அப்பாவிடமிருந்து பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்கிறான்.

கட்டியாயிற்று. இனி காப்பது.

உறைக்கு முதல் எதிரி பாறை. ஒகேனக்கல்லின் கார்பனடைட் பாறைகள் உலகின் மிகப் பழையவற்றில் சேர்ந்தவை, வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் குறையும்போது அவை நீருக்குள் முதுகைக் காட்டாமல் ஒளிந்திருக்கும். அணைப் பக்கத்திலும் இதே கதைதான். மேட்டூர் அணையின் நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடியிலிருந்து மிகவும் இறங்கும்போது, பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கிற நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். 1934-இல் கட்டி முடித்த அணைக்காக ஊரை விட்டுப் போனவர்களின் அடையாளங்கள் அவை. கோபுரம் தெரிகிறது என்றால், தெரியாத சுவர்களும் படிக்கட்டுகளும் ஒரு சாண் ஆழத்தில் நிற்கின்றன என்று பொருள். வெள்ளம் வந்தால் பரிசலுக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் இறங்கினால் உறைக்கு ஆபத்து என்பது பரிசல்காரருக்குத்தான் தெரியும்.

கரையில் பரிசலைத் தரதரவென்று இழுத்துப்போனால் ஒரு நாளில் ஆகிற தேய்மானம், ஆற்றில் பல நாள் ஓட்டினாலும் ஆகாது. அதனால்தான் பாறை குறுக்கிடும் இடத்தில் நம்மை இறக்கி நடக்கவிட்டு, அவர் பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். வேடிக்கையாகப் பார்த்துப் படம் எடுக்கிறோம். அவர் தன் உறையைக் காப்பாற்றுகிறார்.

இரண்டாவது எதிரி வெயில். பிளாஸ்டிக் இழையை வெயிலின் புற ஊதாக் கதிர் நொறுங்க வைத்துவிடும். வயலோரத்தில் கிடக்கிற உரச்சாக்கு சில மாதத்தில் தொட்டால் பொடியாவதைப் பார்த்திருப்பீர்கள். தார்ப்பூச்சு அந்தக் கதிரைத் தடுக்கிறது. தண்ணீருக்கு மட்டுமன்றி வெயிலுக்கும் தார்தான் கவசம், எனவே தார் உரிந்த இடத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஆனால் தாருக்கே வெயில் ஆகாது. ஏறக்குறைய 50 டிகிரியிலேயே அது இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கறுப்புப் பரப்பு அதைத் தாண்டிச் சுடும். சூடான பாறைமேல் பரிசலை அப்படியே உட்கார வைத்தால் தார் பாறையோடு ஒட்டிக்கொள்ளும், தூக்கும்போது உரிந்து வரும். கவிழ்த்து, மர நிழலில், அடியில் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுத்து வைப்பதுதான் முறை. கவிழ்த்து வைத்தால் உள்ளே நின்ற தண்ணீரும் வடிந்து மூங்கில் உலரும். மூங்கில் உளுத்துப் போனால் உறை மட்டும் நின்று பயனில்லை.

ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அந்த இடத்தை நன்றாக உலர விட வேண்டும். ஈரத்தின்மேல் தார் பிடிக்கவே பிடிக்காது. மண்ணும் பாசியும் படிந்த பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஓட்டையைவிட ஒரு கை அகலம் பெரிதாக, மூலையில்லாமல் வட்டமாக ஒட்டுத் துணியை வெட்டி, அடியிலும் மேலும் தார் பூசி அழுத்த வேண்டும். அவசரத்துக்கு ஈரத்தோடு ஒட்டியது அடுத்த சவாரியிலேயே கழன்றுவிடும். கிழித்தெடுத்த பழைய தாளையும் தார்க் கட்டியையும் கரையிலேயே கொளுத்துவதும் ஆற்றில் விடுவதும் வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நேரம் எப்போது கிடைக்கிறது? ஆறு பெருகும்போதுதான். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் காவிரியின் வரத்தை அளக்கிறது. வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். 2018-லும் 2022-லும் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்த நாட்களில் துறையில் பரிசலே இறங்கவில்லை. ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் திரளுகிற நேரத்திலேயே பல ஆண்டுகள் தடையும் வந்துவிடுகிறது. தடை சரியானது, உயிர் முக்கியம். ஆனால் உறையை மாற்ற நேரம் இருக்கிற அந்த வாரங்களில் தாளும் தாரும் வாங்கக் கையில் காசு இருக்காது. காசு வருகிற மாதங்களில், ஒரு நாள் பரிசலைக் கரையில் போட்டால் வருமானம் போய்விடும் என்று பழைய உறையோடு ஓட்டுவார்கள். இந்த முடிச்சைப் பரிசல்காரர் ஒருவரால் அவிழ்க்க முடியாது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தடை விழுகிற நாளிலேயே, உரிமம் பெற்ற ஒவ்வொரு பரிசலுக்கும் நல்ல தரமான தாளும் தாரும் நிர்வாகமே கொடுக்க வேண்டும். தடை நீங்கும்போது பரிசலைக் கவிழ்த்து வைத்து உறையைத் தடவிப் பார்த்த பிறகே ஆற்றில் இறக்க அனுமதிக்க வேண்டும். செலவு பெரிதல்ல. உயிர்காப்புச் சட்டை கட்டாயம் என்று நாம் வற்புறுத்துவது மிகச் சரி. ஆனால் அந்தச் சட்டை, படகு கவிழ்ந்த பிறகு வேலை செய்கிறது. உறை அதற்கு முன்னால் வேலை செய்கிறது.

ஃபைபர் பரிசலுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள். அணையின் விரிந்த நீரில் மீன்பிடிக்கிறவர்களுக்கு ஃபைபர் நல்லதுதான், பல ஆண்டு உழைக்கும். பாறைகளுக்கு நடுவே போகிற ஒகேனக்கல்லுக்கு மூங்கிலே மேல் என்பது என் எண்ணம். மோதினால் மூங்கில் நெளிந்து கொடுத்து மறுபடி நிமிரும். கிழிந்தது உறையானால் அன்று மாலையே அங்கேயே சரிசெய்யலாம். விரிசல் விட்ட ஃபைபரைச் சரிசெய்யத் தனிப் பிசினும் தனிக் கையும் வேண்டும். அதோடு, மூங்கில் பின்னவும் உறை கட்டவும் தெரிந்த கைகள் ஒரு தலைமுறை சும்மா இருந்துவிட்டால், பிறகு தேடினாலும் கிடைக்காது.

பரிசல் ஏறப் போகிற நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குதிகால் செருப்பையும் ஆணி அடித்த செருப்பையும் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஒரே தாவாகத் தாவி இறங்காதீர்கள், காலைப் பிளாச்சின்மேல் வையுங்கள், இடைவெளியில் ஊன்றாதீர்கள். கூர்மையான பாத்திரங்களையும் மீன் வறுக்கும் கம்பிகளையும் அடியில் போடாதீர்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்றச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். உயிர்காப்புச் சட்டையின் கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன், "உறை எப்ப மாத்தினீங்க அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல பரிசல்காரர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், பரிசலைத் திருப்பிக் காட்டுவார்.